சபைக்கு வராத ஐந்து பாட்டு

புந்தோங்
1927 ஜனவரி 24

தங்கச்சி செல்லாயி வீட்டுக்காரர், மாப்பிள்ளை பிச்சைமுத்துவுக்கு சன்னாசி கும்பிட்டுச் சொல்ல, மிஷன் பள்ளிக்கூடத்து எல்ஸி டீச்சர் எழுதுற காயிதம்.

நீங்க கேட்ட வருஷம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தை மாசம் மேற்கே வால் நட்சத்திரம் தெரிஞ்சுது. ரப்பர் பாலுக்கு என்னைக்கும் இல்லாத விலை ஏறி, துரை வீட்டுக்கு மோட்டார் வண்டி வந்துச்சு. சித்திரையில சீமை ராசா செத்துப்போனாரு. நடுவுல வந்த மாசியிலதான் நம்ம தோட்டத்துக் காமன் பண்டிகை, நீங்களும் நானும் எதிரெதிரா உக்காந்த பண்டிகை.

மார்கழி வெள்ளத்துல உங்க பாட்டு நோட்டு போயிருச்சு, பினாங்கு அச்சுக்கூடத்துக்காரர் புத்தகம் போடக் கேக்குறாரு, உங்க பாட்டு எனக்கு ஞாபகம் இருக்கான்னு கேட்டிருந்தீங்க. பதினேழு வருஷம் கழிச்சு உங்ககிட்டேருந்து வந்த காயிதம். டீச்சரை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

டீச்சர் வேதக்காரங்க. காமன் கதை தெரியாது. சொன்னேன். தவத்துல இருந்த சிவன் மேல மன்மதன் பூ அம்பு விட்டான், நெத்திக்கண்ணால அவரு எரிச்சுட்டாரு, ரதி அழுதா, மனசு எரங்கி உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான்னு வரம் கொடுத்தாரு. அவன் எரிஞ்சது நெசம்னு பாடுறவங்க எரிந்த கட்சி, எரியவே இல்லைன்னு பாடுறவங்க எரியாத கட்சி. நான் எரிந்த கட்சி, மாப்பிள்ளை எரியாத கட்சி. ஒருத்தர் பாட்டாலேயே கேள்வி கேக்கணும், மத்தவர் பாட்டாலேயே பதில் சொல்லணும், மேற்கொண்டு பாட முடியாதவர் தோத்ததா ஒத்துக்கிட்டு, கையில தட்டுற டேப்பைக் கவுத்து வச்சுட்டு எந்திரிக்கணும்னேன். "மாமன் மச்சானுக்குள்ள எதுக்கு இந்த வம்பு"ன்னு சிரிக்கிறாங்க.

எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா காதுல விழுந்தது போகாது. உங்க பாட்டு பன்னிரண்டும் வரி விடாம சொல்லிட்டேன், தனித் தாள்ல இருக்கு.

"வெந்தவன் சாம்பலாய்ப் போனது மெய்யானால்
இந்தப் பூமியில் நீயேன் பிறந்தாய்"

இதைச் சொல்லும்போது டீச்சர் பேனாவை நிறுத்திட்டு, நல்லாத்தான் கேட்டிருக்காருன்னாங்க. நல்லாத்தான் கேட்டீங்க மாப்பிள்ளை.

உங்க காயிதத்துல செல்லாயி பேச்சு ஒண்ணுமே இல்லை. எப்படி இருக்கா?

சன்னாசி (கைநாட்டு)


சுங்கை சிப்புட் தோட்டம்
1927 பிப்ரவரி 9

மச்சான் சன்னாசிக்குப் பிச்சைமுத்து எழுதிக்கொள்வது.

பாட்டு வந்து சேர்ந்தது. ஒரு சொல் மாறவில்லை. நோட்டே திரும்பி வந்த மாதிரி இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன்.

அன்றைக்குச் சபையில் நான் பாடியது ஏழு. ஏழுக்கும் நான் கடைசி அடியை முடிக்கும் முன்னே நீங்கள் பதிலை எடுத்தீர்கள். எட்டாவதை எடுக்க எனக்கு நாக்கு எழும்பவில்லை, டேப்பைக் கவிழ்த்துவிட்டு எழுந்தேன். மிச்சம் ஐந்து பாட்டு எந்தச் சபைக்கும் வரவில்லை. பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால், காய்ச்சல் என்று காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்காமல் லயத்து வீட்டிலேயே இருந்து, பட்டப்பகலில் கதவைச் சாத்தி ஒரே ஒரு தடவை பன்னிரண்டையும் பாடிப் பார்த்தேன். அப்போது பக்கத்தில் இருந்தது செல்லாயி மட்டும். வாசலில் நின்று யாரும் வராமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

அவள்தான் அண்ணனுக்குச் சொல்லியிருப்பாள் என்று அப்போதே நினைத்தேன். கேட்டேன். "நான் சொல்லல" என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவள் மடித்துக் கொடுத்த வெற்றிலையை நான் வாங்கியதில்லை. ஆனாலும் சந்தேகம்தானே, நீங்கள் வேகக்காரர், நிஜமாகவே ஜெயித்திருக்கலாம் என்று ஒரு பக்கம் தோன்றிக்கொண்டே இருந்தது.

வெள்ளத்தில் அவள்தான் என்னை இடுப்பளவு தண்ணீரில் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். நோட்டை எடுக்கத் திரும்பப் போனாள். நான்தான் போகட்டும் விடு என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் வெற்றிலை மடித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். மடித்துக் கொடுத்தாள், வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உங்களுக்கு எழுதினேன்.

இப்போது சந்தேகமில்லை. இந்த மாசியில் திரும்பக் காமன் கம்பம் நடுகிறோம், என் கையில்தான் விரதக் காப்பு. காப்புக் கட்டுகிற வீட்டில் பொய் சொன்னவள் இருக்கக் கூடாது. அமாவாசைக்கு முன்னால் ரயிலேற்றி உங்களிடமே அனுப்பிவிடுகிறேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து பாடிக்கொள்ளுங்கள்.

பிச்சைமுத்து


புந்தோங்
1927 பிப்ரவரி 14

மாப்பிள்ளை, அவளை அனுப்பாதீங்க. சன்னாசி உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

செல்லாயி எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லல. நான்தான் கேட்டேன், என் காதால கேட்டேன். உங்க லயம் கால் வச்சு ஒசத்திக் கட்டின லயம்ல. பலகைக்கு அடியில வெறகும் கோழிக்கூடும் இருக்கும். நீங்க பெரட்டுக்கு வரலைன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு, இன்னைக்குப் பாடிப் பாப்பாருன்னு. பால் எடைக்குக் கொடுத்துட்டு, பின்பக்கமா வந்து வெறகுக்குப் பின்னால பூந்து மல்லாந்து படுத்துட்டேன். என் மூஞ்சிக்கு ஒரு முழம் மேல உங்க பாதம். நீங்க தாளத்துக்குத் தட்டத் தட்ட பலகை இடுக்குல மண்ணு விழுது, கண்ணை மூடிக்கிட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன், போதும் எனக்கு. மூணு நாள் பால்மரம் வெட்டிக்கிட்டே பன்னிரண்டுக்கும் பதில் கட்டினேன்.

அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் உங்ககிட்ட தோத்தேன். "ஒங்க மாப்பிள்ளை கிட்ட கவுத்து வச்ச டேப்பை நிமித்தியாச்சா"ன்னு கள்ளுக்கடையில கேட்டாங்க. அதுக்காகத்தான். வேற பெரிய காரணம் ஒண்ணுமில்லை, இருந்தா சொல்லியிருப்பேன்.

இந்தப் பதினேழு வருஷமா பன்னிரண்டையும் எனக்குள்ளயே பாடிப் பாடி, எது சபையில கேட்டது, எது அடியில படுத்துக் கேட்டதுன்னு பிரிச்சு வைக்கத் தெரியாமப் போச்சு. நீங்க கேட்டதும் பெருமையா எல்லாத்தையும் கொட்டிட்டேன். இல்லைன்னா இதையும் சொல்லாமலே செத்திருப்பேன். அதை நெனச்சாத்தான் இன்னும் கூசுது.

"இதையும் எழுதணுமா தாத்தா"ன்னு டீச்சர் கேட்டாங்க. எழுதும்மான்னேன். என் மூஞ்சியைப் பாக்காமலே எழுதுறாங்க.

சன்னாசி (கைநாட்டு)


சுங்கை சிப்புட் தோட்டம்
1927 பிப்ரவரி 21

மச்சானுக்கு.

உங்கள் காயிதத்தை நம்பவில்லை. தங்கச்சி கிழவியாகி வாசலுக்கு வரப்போகிறாளே என்று பழியை உங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறீர்கள். எந்த அண்ணனும் அதைத்தான் செய்வான், அதற்காகக் கோபமில்லை. ஆனால் ஒரே தடவை கேட்டுப் பன்னிரண்டு பாட்டு மனதில் நிற்கும் என்பது கட்டுக்கதை. எனக்கே நோட்டு வேண்டியிருந்தது.

பட்டப்பகலில், ஐம்பது குடும்பம் இருக்கிற லயத்தில், வளர்ந்த ஆள் ஒருவன் அடியில் புகுந்து வெளியே வந்தால் ஒருவர் கண்ணிலும் படாமலா போவான். பார்த்தவர் பேரைச் சொல்லுங்கள். நானே போய்க் கேட்கிறேன். இல்லையென்றால் அடுத்த வாரம் புதன்கிழமை ரயில். பெட்டி கட்டிவிட்டாள். அழவில்லை. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

பிச்சைமுத்து


புந்தோங்
1927 பிப்ரவரி 25

மாப்பிள்ளைக்கு,

இந்தக் காயிதம் புதன்கிழமைக்கு முன்னால வந்துடணும்னு டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வந்து எழுதுறாங்க.

பார்த்தவங்க இருக்காங்களான்னு கேட்டீங்க. மூணு பேரு பார்த்தாங்க. போன காயிதத்துலயே சொல்லியிருக்கணும். அதுக்கும் எனக்குத் தைரியம் வரல.

ஒருத்தர் மாட்டு வண்டிக்காரர் பத்துமலை. நான் ஊர்ந்து வெளியே வரும்போது வண்டியை நிறுத்தி, "என்ன சன்னாசி, தங்கச்சி வீட்டுல முட்டை திருடுறியா"ன்னாரு. ஆமா மாமான்னு சிரிச்சேன். உலகமெல்லாம் விஷக்காய்ச்சல் வந்துச்சே, அந்த வருஷம் ஈப்போ ஆஸ்பத்திரியில அவரு போயிட்டாரு. நான்தான் மண்ணு போட்டேன்.

இன்னொருத்தி புள்ளக்கொட்டாய் ஆயா இருளாயி. எதுத்தாப்புல புள்ளைங்களைத் தூங்க வச்சுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்தும், மாமன் மச்சான் வம்பு நமக்கு வேணாம்னு வாயை மூடிக்கிட்டா. இந்த வெள்ளத்துல போன பத்து பேருல அவளும் ஒருத்தின்னு இங்க வந்தவங்க சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்.

மூணாவது ஆளு, கோழி கத்துறதைக் கேட்டு வாசலை விட்டுப் பின்பக்கம் வந்தவங்க. என்னைப் பார்த்தாங்க. என் முதுகெல்லாம் கோழிப்பீயும் மண்ணும். என்ன ஏதுன்னு கேக்கல, முந்தானையால தொடைச்சு விட்டாங்க. நான் ஏதோ வெறகு எடுக்க வந்தேன்னு நெனச்சிருப்பாங்க. நீங்க தோத்து எழுந்தப்போதான் புரிஞ்சிருக்கு.

மறுநாள் காலையில நான் மரம் வெட்டுற நிரைக்கே வந்துட்டாங்க. "அண்ணே, அவரு என்னைக் கேக்குறாரு. நான் சொன்னா ஒங்களைக் காட்டிக் கொடுத்ததா ஆகும். நீங்களே சொல்லிடுங்க"ன்னாங்க. நாளைக்குச் சொல்றேன்னேன். சத்தியமா வாரேன், நீ போன்னு அனுப்பினேன். சொன்ன அந்த நாளைக்கு விடியறதுக்குள்ள மூட்டையைக் கட்டி ஈப்போ ரயில் ஏறிட்டேன். எரிஞ்ச காமனை எழுப்புற மூணாம் நாளுக்குக்கூட நான் இல்லை, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாட்டுல ஜெயிச்சவன் ஏன் ஓடினான்னு தோட்டமே பேசியிருக்கும்.

அந்த நாளைக்குத்தான் அவங்க பதினேழு வருஷமா காத்திருக்காங்க. அண்ணன் வந்து சொல்வாருன்னு வாயைத் தொறக்கல.

நீங்க போய்க் கேளுங்க. இந்தத் தடவை அண்ணனே சொல்லச் சொன்னாருன்னு சொல்லிக் கேளுங்க. என்னை மன்னிக்கச் சொல்லல, அதைக் கேக்குற வாய் எனக்கு இல்லை. அந்த மூணு பேருல இன்னைக்கு உசுரோட இருக்கிறது ஒருத்திதான், மாப்பிள்ளை. உங்க வீட்டுல பெட்டி கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற செல்லாயி.