அண்ணன் தொட்டியில் மூன்றாவது ஈடு

என் அன்பு அண்ணா,

நீ காய்ச்சிய பீர் உண்மையிலேயே நன்றாக இருந்ததா? ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் நீ நீட்டிய கிளாஸை வாங்கி, இரண்டு வாய் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்பேன். நீ அந்தப் பக்கம் திரும்பியதும் மீதியை அண்ணியின் எலுமிச்சைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். செடி நன்றாகத்தான் இருக்கிறது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நாளை உனக்குத் தீபாவளிப் படையல். போன வருடம் துக்க வருடம், தீபாவளி இல்லை. ஆகவே இதுதான் உனக்கு முதல் படையல். நம் ஊர் ஈப்போவில் அப்பாவுக்குச் செய்ததுபோலவே வாழையிலை, ஆட்டுக் கறி, பொரித்த மீன், எல்லாம் அண்ணி பார்த்துக்கொள்கிறார். பீர் மட்டும் என் பொறுப்பு. அப்பா படத்துக்கு முன்னால் ஸ்டவுட் பீர் டின்னை வைக்கும்போதெல்லாம் நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "எனக்குக் கடைச் சரக்கு வைக்காதீங்க லா. என் தொட்டியிலேர்ந்து வைங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் சொன்னாய்.

இங்கே ஹென்டர்சனில் உங்கள் வீட்டுக் கராஜில் உன் கூம்புத் தொட்டி அப்படியே நிற்கிறது. மூன்று கால், மேலே இறுக்கி மூடும் மூடி, அடியில் புனல்போல் ஒடுங்கும் வயிறு. அடிக் குழாயில் மண்டியும் ஈஸ்டும் இறங்கும், பக்கக் குழாயில் தெளிந்த பீர் வரும். இட்லிக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு தடவையையும் ஒரு ஈடு என்பாய். உன் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மார்ச் மாதம் நான் முதல் ஈட்டைப் போட்டேன். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள். எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி செய்யத் தெரியும்.

செய்தேன். மூடிக்கடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றினேன். பக்கக் குழாயின் வால்வைத் துண்டு துண்டாகக் கழற்றி, உள்ளே உருளும் குண்டு உட்படக் கொதிக்க வைத்தேன். சுடுநீரும் காரத்தூளும் விட்டுத் தொட்டியைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, பிறகுதான் மால்ட் சாற்றை ஊற்றினேன். பத்து நாள் கழித்துத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் சரியாக இருந்தது. பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் கழித்துத் திறந்தால் புளிப்பு. கெட்ட மோரின் புளிப்பு. நுரை பொங்கிக் கை முழுக்க வழிந்தது.

ஜூனில் இரண்டாவது ஈடு. அதுவும் அப்படியே. தொட்டியில் சரி, பாட்டிலில் புளிப்பு. ஒரு தடவை என்றால் தவறு. இரண்டு தடவை ஒரே இடத்தில் ஒரே மாதிரி என்றால், யாரோ கை வைக்கிறார்கள்.

நான் ஜெயந்தனைச் சந்தேகித்தேன். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உன்னோடு சேர்ந்து காய்ச்சிய ஒரே ஆள், தொட்டிக்குக் கால் ஒட்டிக் கொடுத்தவன், உன்னை வாய் நிறைய "அண்ணை" என்று கூப்பிட்ட யாழ்ப்பாணத்துப் பையன். பையன் என்ன, அவனுக்கும் நாற்பதாகிவிட்டது. உன் கருமாதியன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து, "அக்கா, அந்தத் தொட்டி சும்மா நிண்டா பழுதாப் போயிடும். வேணுமெண்டா நான் கொண்டுபோய் வச்சுப் பாக்கிறன்" என்றான். அன்றைக்கா கேட்பார்கள்? கராஜ் சாவி ஒன்று அவனிடம் இருக்கிறது, நீ கொடுத்தது. ஏன் கொடுத்தாய்? இரண்டு ஈடு புளித்தால் மூன்றாவதோடு நான் சலித்துப்போய், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிடுவேன் என்று கணக்குப் போட்டானோ?

செப்டம்பரில் மூன்றாவது ஈட்டைப் போட்டபோது நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் கூடத்தில் சோதனைக்கு வரும் தண்ணீர் பாட்டில்களை யாரும் திறக்காதபடி ஒட்டும் டேப் இருக்கிறதே, அதைப் பக்கக் குழாயின் வாயைச் சுற்றி ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். அது ஒரு வியாழக்கிழமை. ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் என் டேப் இல்லை. அந்த இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப், நேர்த்தியாக ஒட்டியிருந்தது.

அண்ணி கதவருகில் வந்து நின்றார். "பசியாறிட்டியா சாரதா?"

"ஆச்சு அண்ணி. இங்க யாரு வந்தாங்க?"

"ஜெயந்தன் தான் வந்தாரு லா, நேத்து. டீ கூட குடிக்கல."

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அன்றே நம் ஆட்களின் கடைகள் இருக்கும் சான்ட்ரிங்ஹாமுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எந்தக் கடையில் காய்கறி வாங்குவான் என்று எனக்குத் தெரியும். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயந்தன், என் டேப்பை ஏன் வெட்டினீங்க?"

"நான் வெட்டேல்லை அக்கா. நான் வரேக்க அது கழண்டு கீழ கிடந்தது. கறுப்பு டேப் நான்தான் ஒட்டினனான்."

"யார் கழட்டினது?"

அவன் இரண்டு முருங்கைக்காயைக் கூடையில் போட்டான். "நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ப் பாருங்கோ. நான் சொன்னா நம்ப மாட்டியள்."

"நம்புவேன். சொல்லுங்க."

"மாட்டியள் அக்கா. நீங்கள் அண்ணையையே நம்பேல்லை. ஒருநாள் அவர் தந்த பீருக்குள்ள வெப்பமானியை விட்டுப் பாத்தனியள்."

அது உண்மைதான். ஆனாலும் அவன் பேச்சை மாற்றுகிறான் என்றே நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, நியூ லின்னில் ரயில் ஏறி ஹென்டர்சனில் இறங்கி, சொல்லாமல் போய் நின்றேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. சாம்பிராணி வாசனை தெருவரைக்கும் வந்தது. அண்ணி குளித்த ஈரத் தலையோடு உன் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூடியின் மேல் மூன்று விரலால் திருநீறு இழுத்திருந்தார். மூடியை இறுக்கும் கிளாம்ப் ஒவ்வொன்றுக்கும் குங்குமம். பக்கக் குழாயின் கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தெடுத்து, குழைத்த சந்தனத்தை விரல் நுனியில் எடுத்து, குழாய் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஒரு செவ்வந்திப் பூவின் காம்பை அதற்குள் செருகினார்.

ஆயுத பூஜைக்கு நாம் எல்லோரும் கத்திக்கும் காருக்கும் சந்தனம் வைப்பவர்கள்தான். பீர்த் தொட்டியின் வாய்க்குள் வைப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிடவில்லை. "அவரு போனதிலேர்ந்து வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை செய்றேன். அவரு கடைசியா தொட்டது இந்தக் கொழாயத்தான். காலையில மூடிட்டு வேலைக்குப் போனாரு, அவ்ளோதான்" என்றார். பூக்காம்பைச் சரிசெய்துகொண்டே, "நீ பாட்டுக்கு அதக் கழட்டி வேக வைக்கிற. நான் ஒன்னும் சொல்லல" என்றார்.

என்ன சொல்ல முடியும்? பீர் பாட்டிலுக்கு இறங்கும் வழியில் தேங்கிய சந்தனத்தில் என்னென்ன வளரும் என்று நுண்ணுயிர்ப் பட்டியலா வாசிக்க முடியும்? கொதிக்க வைத்தபோது நான் கழுவித் தள்ளியது உன் கை என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் கழுவுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் திரும்பி வரும்போது ஜெயந்தனுக்குப் போன் செய்தேன். "இப்ப நம்புறியளோ?" என்றான். நீ இருக்கும்போதும் ஆயுத பூஜைக்கு அண்ணி இப்படித்தான் வைப்பார், நீ எதுவும் பேசாமல் மறுநாள் கழுவிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாய் என்றான். "அண்ணை ஒருநாளும் அவாட்ட சொல்லேல்லை. அதாலதான் நானும் சொல்லேல்லை. ஏலுமான கிழமைகளில வந்து வாயைக் கழுவிப்போட்டுப் போவன். உள்ளுக்குப் போனதை என்ன செய்யிறது? தொட்டி நிறைஞ்சிருக்கேக்க வால்வைக் கழட்ட ஏலாதே."

உன் நோட்டுப் புத்தகத்தில் தண்ணீரின் உப்பு அளவுவரை எழுதியிருக்கிறாய். இதை ஏன் எழுதவில்லை? அண்ணி எடுத்துப் பார்ப்பார் என்றா? மலாய்ப் பள்ளியில் படித்த அண்ணிக்குத் தமிழ் வாசிக்க வராதே. நானும் அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்களோ என்ற சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு, உன்னிடம் மட்டும் கேட்கிறேன். அண்ணிக்கு உண்மையிலேயே தெரியாதா? முப்பது வருடமாகத் தயிர் உறைய வைப்பவருக்கு, எது எதைப் புளிக்க வைக்கும் என்று தெரியாமலா இருக்கும்? உன் இடத்தில் இன்னொருத்தி நின்று காய்ச்சுவது பிடிக்காமல் இருக்கலாமோ? அப்படி நினைத்தால் எனக்கே என்மேல் கசப்பு வருகிறது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

கடைசியில் ஜெயந்தனும் நானும் சேர்ந்து மூன்றாவது ஈட்டைப் பக்கக் குழாய் வழியே எடுக்காமல், மூடியைத் திறந்து மேலிருந்து டியூப் விட்டுப் பாட்டிலில் இறக்கினோம். மூடிகளில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் எழுதினேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒன்றைத் திறந்து பார்க்கலாம் என்றேன். அண்ணி விடவில்லை. "படையலுக்கு வைக்கிறத முன்னாலேயே ருசி பாப்பாங்களா? கொழம்புக்கே உப்புப் பாக்காமத்தான் வைக்கிறேன்." ஆகவே நாளை உன் முன்னால் நான் வைக்கப்போவது, பரிசோதிக்கப்படாத ஒரு பாட்டில். என் வாழ்க்கையில் அப்படி எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

இது படையலன்று மாலை எழுதுவது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒன்றாம் எண் பாட்டிலைத் திறந்தேன். பொங்கவில்லை. உன் கிளாஸில் ஊற்றி இலைக்கு வலப்பக்கம் வைத்தேன். சூடம் காட்டி, அறைக் கதவைச் சாத்திவிட்டு நீயும் அப்பாவும் மற்ற முன்னோரும் வந்து சாப்பிடுவீர்கள் என்று வெளியே காத்திருந்தோம். கதவைத் திறந்ததும் அண்ணி நேராகப் போய் உன் கிளாஸை எடுத்தார். வாழ்நாளில் பீர் குடிக்காதவர். ஒரு வாய் குடித்து, "இவ்ளோ கசப்பா?" என்றார். பிறகு நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்து முடித்தார்.

ஜெயந்தன் தன் பங்கை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். "அண்ணையின்ர மாதிரி இல்லை. ஆனா புளிக்கேல்லை."

அதற்குப் பிறகு திறந்த நான்கு பாட்டில்களும் சரியாக இருந்தன. ஆறாவதாக அவன் பெட்டியின் மூலையிலிருந்து ஒன்றை எடுத்தான். பொங்கி மேசைவிரிப்பெல்லாம் நனைந்தது. வாயில் வைத்தவன் முகத்தைச் சுளித்தான். "இது புளிப்பு." மூடியைத் திருப்பிப் பார்த்தான். முப்பத்தொன்று.

நேற்று எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன் அண்ணா. கடைசிப் பாட்டிலுக்கு வந்தபோது ஜெயந்தன் போன் பேச வெளியே போயிருந்தான். டியூபில் ஓட்டம் நின்றுவிட்டது. நான் அதன் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி இழுத்தேன். இருபது வருடம் கையுறை இல்லாமல் ஒரு பாட்டிலைத் தொடாதவள்.

"அது நான் பண்ணினது. டியூபை வாயால இழுத்தேன்" என்று சொன்னேன்.

"ஐயோ அக்கா, நீங்களோ?" என்றான் ஜெயந்தன்.

அண்ணி சிரித்தார். நீ போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "படிச்ச புள்ள, எச்சி பண்ணி வச்சிருக்கா பாரு." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப முன்னால ரெண்டு தடவ புளிச்சதும் நீதானா?" என்று கேட்டார்.

ஜெயந்தன் என்னைப் பார்த்தான்.

"ஆமா அண்ணி. நான்தான்" என்றேன்.

அந்தக் குழாய் வாய்க்கு எஃகில் ஒரு மூடி வாங்கி மாட்டிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைச் சந்தனம் அதன்மேல் இருக்கட்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னால் மூடியைக் கழற்றிக் கழுவப்போவது நான்தான், எதற்கென்று அவரிடம் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பொய்களில் ஒன்றை இனி சுமக்கப்போகிற உன் தங்கை,
சாரதா