கடன் தாளில் உன் பெயர்

என் கலாவுக்கு,

ராஜகீழ்ப்பாக்கம் வீடு நம்மிடமேதான் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறிக்கொண்டே படிப்பாய்.

இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கிய கடன். உன் சம்பளம் நின்றது, வட்டியும் ஏறியது. ஐந்து தவணை கட்டவில்லை. பேங்க்காரர்கள் நோட்டீஸைக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது? பேங்க் விஷயமெல்லாம் நீதானே பார்ப்பாய்.

பல்லாவரத்திலிருந்து ஒரு புரோக்கர் தேடி வந்தான். "இன்னா சார், இதுக்குப் போயி பேஜார் ஆவுறீங்க? மேனேஜர் நம்ம ஆளு. ஒரு பவர் எழுதிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். நீ போனபிறகு என்னிடம் அவ்வளவு பரிவாகப் பேசியவன் அவன் ஒருவன்தான். அதனாலேயே நம்பிவிட்டேன்.

கையெழுத்துப் போடப் போன இடத்தில், அவன் போன் பேச வெளியே போன நேரம், பத்திரம் டைப் அடித்த அம்மா கேட்டார்: "படிச்சுப் பாத்தீங்களா சார்?"

படித்தேன். வீட்டை விற்கும் உரிமை அவனுக்கு. கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டேன்.

"சேலையூர்ல நுகர்வோர் சங்கம் இருக்கு. சனிக்கிழமை சரோஜா மேடம் வருவாங்க. பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க, காசு வாங்க மாட்டாங்க" என்றார் அந்த அம்மா.

சரோஜா மேடம் எல்லாத் தாளையும் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "உங்க மிஸஸ் தவறினத பேங்க்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன் சார்?"

இறப்புச் சான்றிதழை வாங்கிவந்த கவரை நான் பிரிக்கவே இல்லை, கலா.

"அத குடுத்தாத்தான் தவணையக் கொறைக்கச் சொல்லிக் கேக்க முடியும். நான் கூட வரேன்."

வந்தார். கவரைப் பிரித்துச் சான்றிதழைக் கொடுத்தேன். மேனேஜர் ஒப்புக்கொண்டார், கடனுக்கு வருஷங்கள் கூடின, தவணை குறைந்தது. பிறகு ஒரு குமாஸ்தா ஸ்கேலை வைத்துக் கடன் தாளில் உன் பெயரை அடித்தார். மேடம் கைக்குட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

வீடு தப்பியது என்று சொல்ல ஓடி வந்தேன். சொல்ல யார் இருக்கிறார்கள்?

இனி ஒரு தவணையும் தவறாது. கடன் தீர்ந்து வீட்டுப் பத்திரம் கைக்கு வரும்வரை இருப்பேன். அதில் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. அதை யாராலும் அடிக்க முடியாது.

உன் வீட்டுக்காரன்,
முரளி