பின்பக்கம் ஒட்டிய கண்கள்

இத்ரியா,
ஏப்ரல் 27, ஞாயிறு காலை

அன்பு மகள் பொலோனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் நன்றாக இல்லை, அதை விடு. கனடாவில் இன்னும் பனி விழுகிறதாமே, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. ஈஸ்டருக்கு நீ இல்லாமல் பன்றித்தொடையில் பாதி மிச்சம், அப்பாதான் தினம் ஒரு துண்டாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் போனில் பள்ளிக்கு வந்திருக்கிற புது உடற்பயிற்சி வாத்தியாரைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதற்கு நீ என்ன சொன்னாய், நல்லதாப் போச்சும்மா, இனி நீ கொஞ்சம் உட்காரலாம் என்றாய். அந்த ஒரு வார்த்தை எனக்கு எப்படிச் சுட்டது தெரியுமா. முப்பத்தினாலு வருஷமாக ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தும் நான்தான், கணக்கும் நான்தான், குட்டிக்கரணமும் நான்தான், இப்போது மட்டும் நான் உட்கார வேண்டுமாம். பெயர் திலென், வயது இருபத்தாறு, வாயெல்லாம் பல். விளையாட்டு நேரத்தில் வகுப்பைப் பாதியாகப் பிரித்து அவனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், எனக்குப் பன்னிரண்டு. என் பன்னிரண்டும் கூடத்தின் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்குப் பொறாமைதான் பொலோனா, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அப்பாவிடம் புலம்பினால் அவர் தட்டில் பன்றித்தொடைக்குத் தொட்டுக்கொள்ளும் முள்ளங்கித் துருவலைப் பார்த்துக்கொண்டே, ஸ்லாவ்கா, உனக்குக் கண்ணு கலங்குறது இந்தக் காட்டமுள்ளங்கியாலயா, அந்தப் பையனாலயா என்று கேட்கிறார்.

ஏப்ரல் மாதம் பிள்ளைகளின் உடல்திறனை நொடிக்கணக்கில் அளக்கும் அளவெடுப்பு உனக்கு மறந்திருக்காது, நீயும் எட்டு வருஷம் அழுதுகொண்டே கொடுத்தவள்தானே. பின்பக்கமாகவே நாலு காலில் தவழ்ந்து, பெட்டி மேல் ஏறி இறங்கி, மரச்சட்டத்துக்குள் நுழைந்து வருவது, தலையைத் திருப்பாமல் கால் நடுவே பார்த்துக்கொண்டே வரவேண்டும். நான் எப்போதும் சொல்லிக்கொடுப்பது உனக்குத் தெரியும், வலது கை, இடது கால், தலையைத் திருப்பாதே, தலையைத் திருப்பாதே. தொண்டை வற்றுவதுதான் மிச்சம், பிள்ளைகள் திருப்பிக்கொண்டேதான் இருக்கும். இவன் என்ன செய்தான் தெரியுமா, காகிதத்தில் கண் வெட்டி ஒவ்வொரு பிள்ளையின் டவுசர் பின்னாலும் இரண்டு இரண்டாக ஒட்டிவிட்டான். இனிமே உங்க பின்பக்கம்தான் பார்க்கும், தலைக்கு லீவு என்றானாம். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து உருண்டுவிட்டுப் பிறகு ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. முதல் வாரம் வெறும் தரையில் தவழவிட்டான், அப்புறம் மெத்தை மேல், அப்புறம் தாழ்ந்த பெஞ்சு மேல், கடைசியில்தான் பெட்டி. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கண் முப்பத்தினாலு வருஷத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை?

அவன் பன்னிரண்டில் பிரினா என்று ஒரு சின்னது, அக்டோபர் ஒத்திகையில் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு அம்மா அம்மா என்று கத்தியவள், அன்றைக்கு இருபத்தாறு நொடி. இந்தச் செவ்வாய்க்கிழமை அளவெடுப்பு, ஸ்டாப்வாட்ச் என் கையில். பிரினா வந்தாள் பார், பெட்டியும் தடையில்லை சட்டமும் தடையில்லை, பூனைக்குட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தாள். என் பன்னிரண்டில் அப்படி ஒருத்தி இல்லை. கையிரண்டும் கோட்டைத் தாண்டியதும் அமுக்க வேண்டும், விதி அதுதான், எனக்குத் தெரியாதா. நான் அமுக்கவில்லை. அவள் எழுந்து, திரும்பி, கையைத் தட்டிக்கொண்ட பிறகு அமுக்கினேன். இருபத்தாறு புள்ளி மூன்று என்று சத்தமாக வேறு படித்தேன். குழந்தைக்கு முகம் விழுந்துவிட்டது. அப்ப இந்தக் கண்ணு சும்மாவா டீச்சர் என்று கேட்டு, பின்னால் கையை விட்டு இரண்டையும் பிய்த்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். நான் பெற்ற மகளே, அந்த இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன.

மத்தியானம் வரை பொறுத்தேன். திலெனைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, பிரினாவோட நேரம் தப்பு, மறுபடி எடுக்கணும் என்றேன். அவன் பார்த்திருக்கிறான், முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அந்தக் கடிகாரம் பழசு டீச்சர், பட்டன் ஒட்டிக்கும் என்றான். எனக்குத் தப்பிக்க வழி காட்டுகிறானாம். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, பட்டன் ஒட்டலை தம்பி, உன் மேல இருக்கிற எரிச்சல்ல என் விரல்தான் ஒட்டிக்கிச்சு என்று சொல்லிவிட்டேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி அதன் இடத்துக்கு இழுத்து வைக்கப் போனான். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், டீச்சர் தப்பா அளந்துட்டேன், பிரினா மேல தப்பில்லை என்றேன். பசை தேடி எடுத்து அந்தக் கண் இரண்டையும் நானே ஒட்டினேன், குனிந்ததில் முழங்கால் உயிர் போயிற்று. நான் கோட்டருகே நிற்கப் போனால் அந்தப் பொடிசு என்ன சொல்கிறது, நீங்க கடிகாரம் பிடிங்க டீச்சர், கால் நடுவுல நான் பார்க்கிற இடத்துல சார் நிக்கட்டும் என்கிறது. சரி என்று ஒதுங்கினேன். இருபத்திரண்டு புள்ளி எட்டு. கை தாண்டிய அந்த நொடியில் அமுக்கினேன். ஓடிப்போய் அவன் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று முதுகை ஒடித்துக்கொள்ளாதே. கடவுள் உன் கூடவே இருப்பார். இந்தக் கடிதம் கிடைத்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது திலென் எப்படி இருக்கிறான் என்று முதலில் கேட்காதே, முதலில் என் முழங்காலைக் கேள். உட்கார் என்று மட்டும் சொல்லாதே.

காலையிலிருந்து சமையலறை மேஜையில் என் பன்னிரண்டுக்கும் கண் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் வெட்டுவதைவிட என்னுடையது பெரிசு, இமைமயிர்கூட வரைந்திருக்கிறேன். ஒரு ஜோடி இந்தக் கவரில் இருக்கிறது. ஒட்டிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்து, எத்தனை நொடி என்று எழுது. நேர்மையாக எழுது.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா,
ஸ்லாவ்கா