சாரதாவின் நடுப்படம்

என் அன்பு சாரதா, எனக்கு வாய்த்த ஒரே நாத்தனாரே,

ராஜபாளையம் வீட்டை விற்றுவிட்டேன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைக்குட்டி கோதை வீட்டில் இருக்கிறேன். காலையில் அவள் கோர்ட்டுக்கும் மாப்பிள்ளை வேலைக்கும் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறார்கள். சத்தமில்லாத வீடு. எனக்கு அது ஒத்துவருகிறது.

வீட்டை விற்பதற்கு முன் படங்களையும் சிற்பங்களையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முப்பது, நாற்பது வருஷமாக நான் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கியவை. சோபா நிறத்துக்குப் பொருந்துகிறது என்று ஒன்றைக்கூட வாங்கியதில்லை. பெயரைக் கேட்டு வாங்குகிறவர்கள் காதால் வாங்குகிறவர்கள் என்பாய் நீ. கல்கத்தா சிற்பியின் வெண்கலத் தலையை நான் வாங்கியபோது அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பரோடா பெண்ணின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்த உன் அண்ணன், "இது காய்ஞ்சிருச்சா, இன்னும் காயலையா?" என்று கேட்டார். அவர் போன பிறகும் நான் வாங்குவதை நிறுத்தவில்லை.

உன் படத்தையும் வாங்கத்தான் செய்தேன். நீ சும்மா தரவந்தாய், நான் சம்மதிக்கவில்லை. சொந்தக்காரர்கள் என்ற உரிமையில் ஓவியரிடம் இனாமாகப் படம் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது.

மூன்று கான்வாஸ், ஒரே படம். இடதில் கண்மாயும் கொக்குகளும். வலதில் மில் சிம்னியும் மாடி வீடுகளும். நடுவில் மலைக்கோடும் வானமும் மட்டும். அந்தக் கோடு மூன்றிலும் அறுபடாமல் ஓடும். ஆனால் எங்கள் வீட்டில் நாலடிக்கு ஒரு கதவு. மூன்றையும் சேர்த்து மாட்டச் சுவர் இல்லாததால் ஹாலில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று மாட்டினோம். நீ வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாயே, "மதினி, என்னைய மூணா வெட்டிப் போட்டுட்டியளே!" என்று. படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி வைக்கட்டுமா என்று கேட்டேன். "பாத்தாத் தெரியணும். தெரியலைன்னா விட்டுருங்க" என்றாய். விட்டுவிட்டேன். பிள்ளைகள் அவற்றை மூன்று தனிப்படங்களாகவே பார்த்து வளர்ந்தார்கள்.

நம் குடும்பத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். மூத்தவன் பங்கு வைப்பான், கடைசிப் பிள்ளை முதலில் எடுக்கும். பங்கு நாளில் வாய் திறப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஒரு படத்துக்காகப் பேசினால் மற்ற எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பார்கள். கான்வென்டில் படித்தவள், சொன்ன வாக்கை மாற்றிப் பழக்கமில்லை.

பாஸ்கர் ஹாலில் மூன்று ஜமுக்காளம் விரித்தான். பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிறவன், எதையும் சரிசமமாக அடுக்குவான். ஒவ்வொரு ஜமுக்காளத்திலும் உன் கான்வாஸ் ஒன்றை வைத்தான்.

"அத்தை படம் மூணு, நாமளும் மூணு பேரு. யாருக்கும் மனத்தாங்கல் வராதுல்ல?" என்றான்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த முரளி நடுப்படத்தைக் குனிந்து பார்த்தான். "இது யாருக்கு வருதோ, அவன் பாவம்ணே. வெள்ளையடிச்ச சுவரு மாதிரி கெடக்கு."

"அதுக்குத்தாம்லே அந்த வெண்கலத் தலைய அதுகூட வச்சிருக்கேன். தூக்கிப் பாரு, எம்புட்டுக் கனம்னு!"

சிற்பத்தை எடை பார்த்து மதிக்கிறவனைப் பெற்றிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் அவன் செய்ததில் வஞ்சனை இல்லை. அத்தையின் கைப்பட்டது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும் என்றுதான் நினைத்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். உன் படம் மூன்று ஊருக்குப் போகப்போகிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோதை நேராகப் போய் நடு ஜமுக்காளத்தில் கை வைத்தாள்.

"வக்கீலம்மா வெண்கலத்துல விழுந்துட்டா!" என்றான் முரளி.

"ஏன்ணே, தலைய நீயே வச்சுக்கோ. எனக்கு இந்தப் படம் போதும்."

"ஏட்டி, அதுல ஒண்ணுமே இல்லையே!"

"இல்லாட்டா இருந்துட்டுப் போகுது."

முரளி சிம்னிப் படத்தை எடுத்தான், தலையும் அவனோடு போனது. கண்மாய் பாஸ்கருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காரில் வரும்போது, அதை ஏன் எடுத்தாய் என்று கோதையிடம் கேட்டேன்.

"சின்னப் புள்ளையில எனக்குக் காய்ச்சல் கண்டு கெடந்தேம்லம்மா, அப்ப வெள்ளையடிக்க மூணையும் கழட்டி எங்கட்டில் பக்கத்துல சாய்ச்சு வச்சிருந்தாங்க. மலை ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போறத அன்னைக்கே பாத்துட்டேன்."

"அண்ணன்மார்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும்தான் சொல்லல. நான் சொல்லிக் கேட்டா எனக்காகக் குடுப்பாங்க. படத்துக்காகக் குடுக்கட்டும்மா."

சாரதா, உன் படத்தைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் எண்ணியிருந்தேன். இன்னொருத்தி என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

கோதை இங்கே ஹாலின் நீளச் சுவரில் நடுப்படத்தை மாட்டினாள். டிவியை வேறு அறைக்குத் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு கான்வாஸ் அகலத்துக்கு அளந்து இடம் விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் வந்தான்.

"என்னம்மா, ரெண்டு பக்கமும் மொட்டையா விட்டிருக்கா?"

கோதை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "இடது பக்கம் உன் இடம்ணே. அந்தப் பக்கம் முரளியண்ணனுக்கு."

அவன் கிட்டே போனான். மலைக்கோடு கான்வாஸின் ஓரத்தில் முடியும் இடத்தில் கட்டைவிரலை வைத்தான். படத்தைத் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. காப்பி ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றான். அடுத்த வாரம் கண்மாய்ப் படத்தைத் தன் யூனிட் துணியால் சுற்று சுற்றாகச் சுற்றி, அடிபட்டவனைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தான்.

"என் பங்குதான். ஆனா இங்கயே கெடக்கட்டும்" என்றான். கொக்குகளுக்குப் பின்னாலிருந்து மலை கிளம்பி நடுப்படத்துக்குள் போயிற்று.

முரளி தன் படத்தை சோபாவுக்கு மேல் மாட்டி போட்டோ அனுப்பியிருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் யார் வரைந்தது என்று கேட்கிறார்களாம். "எம்புட்டு நல்லா இருக்கு பாத்தியளாம்மா!" என்று போனில் பெருமைப்படுகிறான். அவனிடம் என்ன சொல்ல? அது மூன்றில் ஒன்று என்று சொல்லிவிடட்டுமா? நீ இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். எனக்கோ வயதாகிறது. எவ்வளவு நாள் காத்திருக்க முடியும்?

நேற்று மாப்பிள்ளை ஆணியும் சுத்தியலுமாக வந்தார். வலது பக்கம் சுவர் சும்மாதானே இருக்கிறது, ஒரு கடிகாரம் மாட்டலாம் என்றார். தங்கமான மனுஷர், மணி பார்க்க வசதியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். பங்கு நாளில் வாய் திறக்காத நான், "அது என் மகன் இடம்" என்றேன். ஆணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முரளிக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தீபாவளிக்கு வருவான், இந்தச் சுவர் முன்னால் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவேன். இந்த வருஷம் தெரியாவிட்டால் அடுத்த வருஷமும் இதே இடத்தில் இலை விழும். நான் இருக்கும்வரை அங்கே வேறொன்று ஏறாது. எனக்குப் பிறகு கோதை பார்த்துக்கொள்வாள்.

இந்த வாக்கோடு,
உன் அண்ணன் மகள் வீட்டிலிருந்து,
உன் மதினி