பாலில் வந்த மாத்திரை

நாரின்
மார்ச் 12, 2009

அன்புள்ள பெர்மெட்டுக்கு,

நலம்தானே? புத்தாண்டுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பிஷ்கெக்கில் பெரிய பல் டாக்டராகிவிட்டால் பள்ளித் தோழி மறந்துபோவாள் போலிருக்கிறது.

என் கீழ்வரிசை முன்பல் ஆடுகிறது. ஈறு நோயாம். பிடுங்கத்தான் வேண்டும் என்கிறார் இங்குள்ள டாக்டர். "முன்பல் போனா மோர்சிங்கை எதுல வச்சு வாசிக்கிறது?" என்று கேட்டேன். "கையைத் தட்டுங்க" என்றார், பாவி.

அதனால் நீ நடத்தும் பால்புரத மாத்திரைச் சோதனையில் சேர்ந்துவிட்டேன். சிலர் பெட்டியில் மருந்து, சிலர் பெட்டியில் வெறும் மாவு, எது யாருக்கு என்று உனக்கே தெரியாதாமே! ஜூலையில் மேய்ச்சல் வெளி விழாவில் நான் வாசித்தாக வேண்டும். எப்படியாவது பல்லைக் காப்பாற்று.

உன் உல்கான்

பிஷ்கெக்
ஏப்ரல் 9, 2009

அடி உல்கான்,

கோபித்துக்கொள்ளாதே, வேலை ஆளைத் தின்கிறது. சோதனையில் இருப்பவர் தோழியானாலும் நான் தலையிடக் கூடாது. வேறு ஈறு சிகிச்சை எதுவும் செய்துகொள்ளவும் கூடாது, அதுதான் விதி. ஒன்று மட்டும் சொல்கிறேன்: முதல் மாதப் பெட்டியை முழுக்கக் காலியாக்கித் திருப்பி அனுப்பியவர்களில் நீயும் ஒருத்தி. இப்படியே ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்
பெர்மெட்

நாரின்
மே 3, 2009

பெர்மெட்,

உன் பாராட்டைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி காலியானது உண்மை. காலி செய்தது நான் மட்டும் அல்ல.

முதல் வாரமே பக்கத்து வீட்டு சாகின் அண்ணன் வந்தார். நான் மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்தேன். "என்னம்மா, தனியாத் தின்றே?" என்றார். "பால்ல செஞ்ச மருந்துண்ணே" என்றேன். "பாலா? அப்ப எனக்கு வாய்ல படாம அனுப்புவியா?" பால் என்று சொல்லிவிட்ட பிறகு, வந்தவர் வாயில் துளியாவது படாமல் அனுப்பக் கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே, நீயே சொல்! ஒன்று கொடுத்தேன். மறுநாள் அவர் மனைவி வந்தாள், பிறகு தபால்காரர். பல நாள் எனக்கே மிஞ்சவில்லை.

பல் முன்னைவிட அதிகமாக ஆடுகிறது. சோதனையிலிருந்து என்னை நீக்கிவிடாதே. நீக்கினால் குறடோடு காத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். பயமாக இருக்கிறது.

உல்கான்

பிஷ்கெக்
மே 11, 2009

அடி பைத்தியக்காரி,

படித்துவிட்டு முதலில் கத்தினேன். அப்புறம் நர்ஸை அனுப்பி மற்றவர்களையும் விசாரிக்கச் சொன்னேன். உங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் விருந்தாளிக்கு மாத்திரை பரிமாறியிருக்கிறார்கள்! ஒருவர் கல்யாணச் சம்பந்திகளுக்கே தட்டில் வைத்துக் கொடுத்தாராம். நானும் கிர்கிஸ் வீட்டில்தானே வளர்ந்தேன்? பெட்டிமேல் 'பால்' என்று பெரிதாக அச்சடித்த என்னைத்தான் அடிக்க வேண்டும். நாரினில் சோதனையை முதலிலிருந்து தொடங்குகிறோம். இந்த முறை பெட்டியில் 'மருந்து' என்று மட்டும்தான் இருக்கும்.

உன்னை நீக்கியாகிவிட்டது. அழாதே, முழுக்கப் படி. இரண்டு மாதமாக நர்ஸ் அளந்து அனுப்பிய தாளில் உன் ஈறு இறங்குவதைப் பார்த்தும், விதி என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். விலகிவிடு என்று நானே சொல்லவும் முடியாது. எத்தனை நாள் மனது அடித்துக்கொண்டது தெரியுமா? இனி நீ சோதனை ஆள் அல்ல, என் நோயாளி. வியாழக்கிழமை வேனைப் பிடித்து வா. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்து, ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டுகிறேன். பிடுங்க விடமாட்டேன்.

பெர்மெட்

நாரின்
ஜூலை 20, 2009

என் பெர்மெட்டுக்கு,

நீ பல்லைக் கட்டி அனுப்பிய பிறகு, சொன்னபடி இரண்டு மாதம் மோர்சிங்கைத் தொடவில்லை. ஈறில் இரத்தம் வருவது நின்றுவிட்டது. நேற்று விழாவில் என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். மோர்சிங்கைப் பல்லில் வைத்து, அதன் இரும்பு நாக்கை மெல்லச் சுண்டினேன். பல் அசையவில்லை. நம்ப முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டார்கள். "ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன்.

முடித்ததும் மூன்று பாட்டு கேட்டார்கள். மூன்றையும் வாசித்தேன்.

உன் உல்கான்