வடக்குக் கோபுரத்து ஜன்னல்

சுபுட் பள்ளத்தாக்கு, படகோனியா
மார்ச் 5, 1911

என் அன்பு நெஸ்தாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் சுகம் அறியத்தான் பத்து நாளாகத் தபால்காரரை நச்சரிக்கிறேன். கோதுமை அறுத்தாயிற்று. குவாரியில் கல் உடைத்த கைக்கு அரிவாள் இன்னும் பழகவில்லை.

நம் வேல்ஸ்காரர்கள் குடியேறிய ஊர் என்பதால் நம் பாஷை, நம் சபை எல்லாம் இங்கேயும் உண்டு. ஏறிப் பார்க்கத்தான் ஒரு மேடில்லை. நம் ஊர்க் கோட்டை ஞாபகமாகவே இருக்கிறது. பாவாடை கிழியும் என்று நீ ஏற மறுத்தாயே, அந்த வடக்குக் கோபுரத்தில் ஏறிப் பார்த்து, ஒரு கல் விடாமல் எழுது. இரண்டு வருஷம் என்று சொல்லித்தானே கப்பலேறினேன்? அடுத்த வசந்தத்துக்குள் வந்துவிடுவேன்.

உன் கணவன்,
இத்வால்

பென்வெர்ன், வேல்ஸ்
மே 21, 1911

அன்பு இத்வால்,

ஏறிவிட்டேன். பாவாடையும் கிழிந்தது. திருப்திதானே? பக்கத்து வீட்டு மாரெட் துணைக்கு வந்தாள். நாற்பத்தோராவது படியோடு படிக்கட்டு இடிந்து நிற்கிறது. தளங்களெல்லாம் விழுந்து, யாரோ குளிர்காய்ந்த கணப்பு மட்டும் சுவரில் அந்தரத்தில் இருக்கிறது. சுவருக்குள் ஒரு பொந்து மாதிரி அறை, தரையில் ஓட்டை. மாரெட் எட்டிப் பார்த்து, "அடியே, இது இளவரசரோட கக்கூசுடி! எழுநூறு வருஷமா யாரும் கழுவல போல" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் முற்றத்து ஆடுகள் ஓடிவிட்டன.

அப்புறம் ஒரு ஜன்னல். கனத்த சுவரைக் குடைந்து எதிரெதிரே இரண்டு கல்லிருக்கை. ஒன்றில் நான் உட்கார்ந்தேன். மற்றதில் உட்காரப் போன மாரெட்டிடம், "அங்க வேணாம்டி" என்று சொல்லிவிட்டேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். கடல் தெரிந்தது. எனக்கு நீ வேண்டும், இத்வால். இதை வேறெப்படி எழுதுவது? எப்போது வருகிறாய்?

உன் நெஸ்தா

சுபுட்
ஆகஸ்ட் 6, 1911

என் நெஸ்தா,

அந்த ஜன்னலை எழுதிய பக்கம் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆற்றங்கரையில் எனக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள். வாய்க்கால் வெட்டுகிறோம். அதனால் அடுத்த வசந்தத்துக்கு முடியாது போலிருக்கிறது. கோபிக்காதே. கோட்டையின் தெற்குப் பக்கம் பார்த்தாயா? அதையும் எழுது.

இத்வால்

பென்வெர்ன்
நவம்பர் 13, 1911

இத்வால்,

தெற்குப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு காகிதத்தை வாசித்தார். இந்தச் சபையிலிருந்து உன் பெயரை எடுத்து அங்கே சேர்க்கும் சபை மாற்றுக் கடிதத்தை அனுப்பும்படி கேட்டிருக்கிறாயாம். வந்து போகிறவன் ஆராதனையில் விருந்தாளி பெஞ்சில் உட்காருவான். அங்கேயே மண்ணுக்குப் போகிறவன்தான் அந்தக் கடிதம் கேட்பான். இது உனக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியாதா? சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "உங்கிட்ட சொல்லவே இல்லையாடி?" என்று மாரெட் கையைப் பிடித்தாள். "எல்லாம் தெரியும்டி" என்றேன். சபைக்குள் சொன்ன அந்தப் பொய் உன் தலையில்தான்.

இந்த ஊரையும் இடிந்த கோட்டையையும் விட்டு நான் வரமாட்டேன் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாயா? ஒரு வார்த்தை கேட்டாயா? அழுது தீர்த்தேன். இன்று காலை போதகர் வீட்டுக்குப் போய், "அதே காகிதத்துல என் பேரையும் எழுதுங்கய்யா" என்றேன்.

"இத்வால்கிட்ட கேட்டியாம்மா?"

"அவர் என்னைக் கேட்டாரா?"

எழுதிக் கொடுத்துவிட்டார்.

அது தபாலில் வராது. பிப்ரவரிக் கப்பலில் என் கையோடு வரும். அதுவரை நீ விருந்தாளி பெஞ்சிலேயே உட்கார்ந்திரு.

நெஸ்தா