மஞ்சள் விமானம் மறைந்தபோது

மச்சான்,

கொஞ்ச நேரமாக என் போன் திரையில், விமானங்கள் போகும் வழியைக் காட்டும் ஆப்பில், ஒரு மஞ்சள் விமானம் நகர்ந்துகொண்டிருக்கிறது. விரல் நகத்தில் பாதிதான் இருக்கும். அதற்குள் உன் மகள் வாணி உட்கார்ந்திருக்கிறாள். மாலைதீவில் தண்ணீரில் இறங்கும் விமானத்துக்குத் துணை விமானியாக வேலை கிடைத்து, இன்றுதான் முதன்முதலாகப் பயணிகளோடு ஒரு சின்னத் தீவுக்குப் போகிறாள். நேற்றே செய்தி அனுப்பியிருந்தாள்: "மாமா, அம்மாவுக்கு இந்த ஆப் எல்லாம் விளங்காது. நீங்க பாத்துச் சொல்லுங்க." அதற்கென்ன என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போதும் கண் திரைக்கே போகிறது.

பொல்கொல்லை நீர்த்தேக்கத்துக் கரையில் நாம் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வருகின்றன. தண்ணீரில் இறங்கும் அந்தச் சின்ன விமானம் கொழும்பிலிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் போதும். பிலிமத்தலாவையில் இருந்த உன் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, லீவு நாளில் தூங்குகிற என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போவாய். மலைக்கு மேலே சத்தம் கேட்டதும் எல்லோரும் அண்ணாந்துவிடுவோம். மற்றவர்கள் ரசித்துப் பார்ப்பார்கள், நீ பயந்து பயந்து பார்ப்பாய். காற்று எந்தப் பக்கம், தண்ணீரில் மரக்கட்டை ஏதும் மிதக்கிறதா, இறக்கை ஏன் சரிகிறது என்று உனக்கு ஆயிரம் கவலை.

"ஓட்டுறவனே சும்மா இருக்கான். நீ ஏன்டா பிரேக் போடுற?" என்று உன் காலைக் காட்டிச் சிரிப்பேன். உண்மையாகவே புல்லை அழுத்தி மிதித்துக்கொண்டிருப்பாய்.

இறங்கிவிட்டது என்று நான் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாய். "அலை அடங்கட்டும் மச்சான், அப்புறம் சொல்லு" என்பாய். விமானம் கிளப்பிய அலை கரைக்கு வந்து ஓய்ந்த பிறகுதான் உனக்கு மூச்சு வரும். இப்படிப் பயப்படுகிறவன் பெண்ணை எப்படி விமானம் ஓட்டப் படிக்க வைக்கிறான் என்று தெல்தோட்டைச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "அவ பயப்படலையே" என்றாய், அவ்வளவுதான். அவள் பயிற்சி முடிப்பதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு உன்மேல் இன்னும் இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டுத் திரையைப் பார்த்தேன். மஞ்சள் விமானத்தைக் காணவில்லை. தீவுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. நீலக் கடல் மட்டும் தெரிந்தது. சின்ன விமானங்கள் தாழப் பறக்கும்போது இந்த ஆப்பில் மறைந்துபோவது வழக்கம் என்று வாணி முன்பே சொல்லியிருந்தாள். தெரிந்தும் திரையைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினேன். அந்த நேரம் பார்த்து உன் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, எறங்கிருச்சா?"

"எறங்குற நேரந்தான், தங்கச்சி."

"ஏன் உங்க கொரலு ஒரு மாதிரியா இருக்கு?"

"டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"போனை வைக்காதீங்கண்ணே. பேச வேணாம், சும்மா இருங்க."

அப்படியே இருந்தோம். அவள் வீட்டுக் குக்கர் விசிலடிப்பது கேட்டது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைக்கவில்லை. இறங்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மனம் ஆறும். நாக்கு நுனிவரை வந்தும், உன் "அலை அடங்கட்டும்" குறுக்கே நின்றது. உன்னை நன்றாகத் திட்டினேன், மனதுக்குள்.

பிறகு செய்தி வந்தது. "வந்துட்டோம் மாமா. நல்லா எறங்கினோம்." வாசித்துக் காட்டியதும் உன் மனைவி அழுதாள். நானும்தான்.

கொஞ்ச நேரத்தில் வாணியே போனில் பேசினாள்; நான் அழுதது குரலிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "என்ன மாமா, நீங்களுமா? அப்பாவை எவ்வளவு கேலி பண்ணுவீங்க!" என்று சிரித்தாள். 

பின்னேரம் அவள் திரும்பிப் பறக்க வேண்டும். நாளைக்கும் பறப்பாள். எனக்குத் தைரியம் அதிகம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று என் பங்குக்கும் சேர்த்து நீ பயந்துகொண்டிருந்திருக்கிறாய். இனி அவளுக்காகப் பயப்பட ஒருத்தன் வேண்டுமே. நான் இருக்கிறேன், மச்சான்.